செல்டன் விண்ணப்பம்: 16 ஆண்டு வாய்தா வாங்கிய காப்புரிமை

1879 மே 8 அன்று வாஷிங்டனில் உள்ள அமெரிக்கக் காப்புரிமை அலுவலகத்தில் ஒரு விண்ணப்பம் பதிவானது. நியூயார்க் மாநிலத்தின் ராச்செஸ்டர் நகரிலிருந்து வந்தது. தலைப்பு 'சாலை எஞ்சின்'. குதிரை பூட்டாமல், திரவ எரிபொருளின் வலுவில் தானே ஓடும் வண்டி. விண்ணப்பித்தவர் ஜார்ஜ் பால்டுவின் செல்டன், வயது 32. கண்டுபிடிப்பை விளக்கும் விவரக்குறிப்பு, வரைபடம், அந்தக் கால வழக்கப்படி ஒரு சிறிய மாதிரி என்று எல்லாமே முறையாக இருந்தன. அந்த விண்ணப்பத்துக்கு 549,160 என்ற எண்ணோடு காப்புரிமை கிடைத்த நாள் 1895 நவம்பர் 5. இடையில் 16 ஆண்டும் 6 மாதமும் ஓடிவிட்டன.

அரசு அலுவலகத்தின் மெத்தனம் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் தாமதத்தின் பெரும்பங்கு விண்ணப்பதாரரே உண்டாக்கியது. ஒவ்வொரு நாளும் சட்டப்படி அவருக்கு உரிய நாள்.

இந்தக் காப்புரிமையை வைத்துப் பின்னாளில் ஹென்றி ஃபோர்டுமேல் வழக்கு வந்தது. அதை அவர் ஏகபோகத்தை எதிர்த்து ஜெயித்த கதையாகத்தான் பெரும்பாலும் சொல்கிறார்கள். ஃபோர்டின் விளம்பரப் பிரிவும் அப்படித்தான் சொன்னது. அவரை ஒரு ஓரத்தில் உட்கார வைத்துவிட்டு விண்ணப்பத்தை மட்டும் எடுத்துப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. 1879 என்ற தேதியை 16 ஆண்டு விடாமல் பிடித்திருந்ததுதான் செல்டனுக்கு அமெரிக்க மோட்டார் தொழில் முழுவதன்மேலும் உரிமை கொண்டாடும் வாய்ப்பைத் தந்தது. கடைசியில் அதே தேதிதான் அவரைக் கவிழ்த்தது.

வக்கீலும் பட்டறையும்

செல்டனின் தந்தை ஹென்றி செல்டன் பெயர்பெற்ற நீதிபதி. வாக்களித்த 'குற்றத்துக்காக' 1873இல் பெண்கள் வாக்குரிமைப் போராளி சூசன் அந்தோனி விசாரிக்கப்பட்டபோது அவருக்காக வாதாடியவர். மகனுக்கோ இயந்திரங்கள்மேல் மோகம். வீட்டின் விருப்பப்படி சட்டம் படித்து 1871இல் வழக்கறிஞர் ஆனார். காப்புரிமைச் சட்டத்தைத் தொழிலாகத் தேர்ந்து இரண்டு ஆசைகளையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்தார். பின்னாளில் கோடாக்கை உருவாக்கிய ஜார்ஜ் ஈஸ்ட்மன் அவருடைய கட்சிக்காரர்களில் ஒருவர். அப்போது ஈஸ்ட்மன் ராச்செஸ்டரில் வங்கி எழுத்தர். சாலை எஞ்சின் விண்ணப்பத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவர்களில் அவரும் உண்டு.

1876இல் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சிக்குச் செல்டன் தன்னுடைய இயந்திரம் ஒன்றைக் காட்டப் போனார். பீப்பாய் வளையங்களைச் சீவும் இயந்திரம் அது. அங்கேதான் ஜார்ஜ் பிரேட்டனின் எஞ்சினைப் பார்த்தார். பிரேட்டன் 1872இலேயே அதற்குக் காப்புரிமை வாங்கியிருந்தார். நீராவி கிடையாது, கொதிகலன் கிடையாது, எண்ணெயில் ஓடும். ஒரே குறை எடை. 500 கிலோவுக்கு மேல் கனம், கிடைப்பதோ ஒன்றரைக் குதிரைத்திறன்கூட இல்லை. வண்டியில் வைத்தால் எஞ்சின் தன்னைத் தானே சுமக்கவே சரியாக இருக்கும்.

செல்டன் செய்த உண்மையான பொறியியல் வேலை இந்த எடையைக் குறைத்தது. மூன்று சிலிண்டர், மூடிய கிராங்க் பெட்டி, பிரேட்டனுடையதைவிட வேகமான ஓட்டம். ராச்செஸ்டர் பட்டறை ஒன்றில் 1878இல் வார்ப்பு எடுத்துக் கடைந்தார்கள். மூன்று சிலிண்டரில் ஒன்றைத்தான் முழுமையாக முடித்தார்கள். அது சிறிது நேரம் ஓடியது. மொத்த எடை சுமார் 370 பவுண்டு, அதாவது 170 கிலோவுக்கும் சற்றுக் குறைவு. அந்த ஆண்டில் இது சாதாரண முன்னேற்றம் இல்லை. செல்டனைக் கேலி செய்பவர்கள் இதைச் சொல்லாமல் தாண்டிவிடுகிறார்கள்.

ஆனால் வண்டியை அவர் கட்டவே இல்லை. வரைபடத்தில் எஞ்சின் முன் அச்சின்மேல் உட்கார்ந்து முன்சக்கரங்களைச் சுழற்றுகிறது. வண்டியைத் திருப்பும்போது எஞ்சினும் சேர்ந்து திரும்புகிறது. சாலையில் அது என்ன பாடுபடுத்தும் என்று அவருக்குத் தெரிய வழியில்லை.

இரண்டு ஆண்டு விதி

அன்றைய நடைமுறை இது. விண்ணப்பத்தோடு 15 டாலர் கட்ட வேண்டும். எதற்கெல்லாம் தனியுரிமை கேட்கிறோம் என்று விண்ணப்பத்தில் வரையறுக்கும் வாசகத்துக்குக் கோரிக்கை என்று பெயர். ஆய்வாளர் படித்துப் பார்த்து, 'இந்தக் கோரிக்கை ஏற்கெனவே உள்ளது', 'இது தெளிவாக இல்லை' என்று ஆட்சேபக் கடிதம் அனுப்புவார். விண்ணப்பதாரர் பதில் சொல்ல வேண்டும், அல்லது கோரிக்கையைத் திருத்த வேண்டும். எல்லாம் சரியானால் இன்னொரு 20 டாலர் கட்டிக் காப்புரிமையைப் பெறலாம். 1870ஆம் ஆண்டுச் சட்டம் ஒவ்வொரு ஆட்சேபத்துக்கும் பதில் சொல்ல இரண்டு ஆண்டு கெடு கொடுத்தது. கெடு தாண்டினால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகக் கருதப்படும்.

கண்டுபிடிப்பாளர்களில் பலர் ஏழை மெக்கானிக்குகள், வாஷிங்டனுக்குத் தொலைவில் இருந்தவர்கள். அவர்களுக்கு இந்தக் கெடு ஒரு கருணை. காப்புரிமை வக்கீலின் கையில் அதுவே வேறு கருவியாகிவிட்டது. அலுவலகத்தின் கடிதம் வரும். செல்டன் ஒன்றும் செய்யமாட்டார். இரண்டு ஆண்டு முடியும் தறுவாயில் ஒரு சொல்லை மாற்றி, ஒரு பத்தியை வெட்டி, 'திருத்தியிருக்கிறேன், மறுபடி பரிசீலிக்கவும்' என்று எழுதுவார். ஆய்வாளர் மறுபடி ஆட்சேபிப்பார். கெடு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். நம் ஊர் சிவில் கோர்ட்டு வாய்தாவைப் பார்த்துப் பழகியவர்களுக்கு இந்த உத்தியை விளக்க வேண்டியதில்லை.

வாய்தா வாங்கி என்ன லாபம்? அமெரிக்காவில் அப்போது காப்புரிமையின் ஆயுள் 17 ஆண்டு. அந்த 17 ஆண்டு விண்ணப்பித்த நாளிலிருந்து தொடங்காது, வழங்கிய நாளிலிருந்துதான் தொடங்கும். ஆகவே தாமதம் ஆயுளில் ஒரு நாளைக்கூடக் குறைப்பதில்லை; மொத்தமாகப் பின்னுக்குத் தள்ளுகிறது. 1880இல் வாங்கியிருந்தால் 1897இல் காலாவதியாகியிருக்கும். அந்த ஆண்டில் அமெரிக்காவில் மோட்டார் வண்டி ஒரு வேடிக்கைப் பொருள். 1895இல் வாங்கியதால் 1912 வரை செல்லும். காசு பார்க்க வேண்டிய ஆண்டுகள் எல்லாம் இந்தக் கணக்குக்குள் விழுந்தன.

இன்னொன்றும் உண்டு. நிலுவையில் இருக்கும் விண்ணப்பம் அன்று முழு ரகசியம். 1886இல் கார்ல் பென்ஸ் ஜெர்மனியில் தன் மூன்று சக்கர வண்டிக்குக் காப்புரிமை வாங்கினார். 1893இல் அமெரிக்காவின் துரியா சகோதரர்கள் ஸ்பிரிங்ஃபீல்டு தெருவில் மோட்டார் வண்டி ஓட்டினார்கள். அவரவர் தங்கள் பணத்தையும் கையையும் சுட்டுக்கொண்டு கற்றுக்கொண்டார்கள். வாஷிங்டன் அலமாரி ஒன்றில் இவர்கள் எல்லோருக்கும் மூத்த தேதியோடு ஒரு கட்டு கிடப்பது யாருக்கும் தெரியாது. காப்புரிமை என்பது ஒரு பண்டமாற்று: கண்டுபிடிப்பாளர் ரகசியத்தை ஊருக்குச் சொல்கிறார், ஊர் பதிலுக்குச் சில ஆண்டு தனியுரிமை தருகிறது. செல்டன் விஷயத்தில் ஊருக்குச் சொல்லப்பட்டபோது ஊர் அதைத் தானாகவே கற்று முடித்திருந்தது. காப்புரிமை வெளியான அதே நவம்பரில், மூன்று வாரம் கழித்து, சிகாகோவில் மோட்டார் வண்டிப் பந்தயமே நடந்தது; துரியா வண்டி ஜெயித்தது.

செல்டன் தரப்பிலும் ஒரு நியாயம் சொல்லப்பட்டது. முதல் போட ஆள் தேடினார், யாரும் கிடைக்கவில்லை, பணம் இல்லாமல் காப்புரிமையை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று காத்திருந்தார் என்பது அந்த வாதம். இதைப் பொய் என்று தள்ள எனக்கு மனமில்லை. 1880களில் ராச்செஸ்டர் வியாபாரிகளிடம் குதிரையில்லா வண்டிக்குப் பணம் கேட்டவரை எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று ஊகிக்கலாம். ஆனால் பணம் இல்லாதவர் ஆட்சேபத்துக்கு மூன்று மாதத்தில் பதில் போடுவதையும் யாரும் தடுக்கவில்லை. 1897இல் அமெரிக்க நாடாளுமன்றம் இந்தக் கெடுவை ஓர் ஆண்டாகக் குறைத்தது.

கோரிக்கையில் என்ன இருந்தது

காப்புரிமையில் ஆறு கோரிக்கைகள். முதலாவதுதான் எல்லாச் சண்டைக்கும் வேர். அதன் சாரம்: ஓட்டும் சக்கரமும் திருப்பும் அமைப்பும் உள்ள சாலை வண்டி, அழுத்த வகையைச் சேர்ந்த திரவ ஹைட்ரோகார்பன் வாயு எஞ்சின், ஒன்றோ அதற்கு மேலோ சிலிண்டர்களோடு, எரிபொருள் தொட்டி, சக்கரத்தைவிட வேகமாகச் சுழலும் தண்டு, நடுவில் தொடர்பைத் துண்டிக்கும் கிளட்ச், ஆளோ சரக்கோ ஏற்றத் தக்க கூடு. இவை எல்லாம் சேர்ந்த கூட்டு.

தனித்தனியே பார்த்தால் இதில் ஒன்றும் புதிதில்லை. செல்டனும் அப்படிச் சொல்லவில்லை. சேர்க்கைக்குத்தான் உரிமை கேட்டார். ஆனால் சேர்க்கையின் பட்டியலைப் படியுங்கள். 1900இல் பெட்ரோல் வண்டி செய்கிற எவரும் இதில் எதையாவது விட்டுவிட்டு வண்டி செய்ய முடியுமா? பல ஆண்டுத் திருத்தங்களில் கோரிக்கை அவ்வளவு பக்குவமாக அகன்றிருந்தது.

அதில் ஒரே ஒரு இடம்தான் குறுகல்: 'அழுத்த வகை எஞ்சின்'. இதைப் புரிந்துகொள்ளப் பிரேட்டனுக்கும் ஓட்டோவுக்கும் உள்ள வேற்றுமை தெரிய வேண்டும்.

பிரேட்டன் எஞ்சினில் இரண்டு உருளைகள், அதாவது சிலிண்டர்கள். ஒன்று பம்பு, காற்றை அழுத்தித் தேக்கும். அந்த அழுத்தக் காற்று எரிபொருளோடு சேர்ந்து இன்னோர் உருளைக்குள் நுழையும்போதே சுடரில் எரியத் தொடங்கும். பிஸ்டன் கீழே போகப் போக எரிந்துகொண்டே வரும். அழுத்தம் திடீரென்று எகிறாது. ஒரே சீராகத் தள்ளும். நீராவி எஞ்சினுக்குப் பழகிய காலத்து மனம் இதை இயல்பாக விரும்பியது. நிக்கோலாஸ் ஓட்டோ 1876இல் செய்த நான்கு வீச்சு எஞ்சின் வேறு மாதிரி. ஒரே உருளைக்குள் கலவையை இழுத்து, அதே பிஸ்டனால் அழுத்தி, அழுத்தியபடியே பற்ற வைக்கும். ஒரே வெடிப்பு. தனிப் பம்பு தேவையில்லை. எடை குறைவு, வேகம் அதிகம். இன்று நம் பைக்கில் துடிப்பதும் அதுதான்.

செல்டனின் விவரக்குறிப்பும் வரைபடமும் பிரேட்டன் குடும்பத்து எஞ்சினைக் காட்டின. ஓட்டோவின் எஞ்சினுக்கு அமெரிக்கக் காப்புரிமை 1877லேயே வந்துவிட்டது. 1879இல் அது எட்டாத பொருள் இல்லை.

வசூல்

1899இல் வில்லியம் விட்னி தலைமையிலான முதலீட்டாளர்கள் செல்டனிடம் தனி உரிமம் வாங்கினார்கள். முன்பணம் 10,000 டாலர், அதோடு ராயல்டியில் பங்கு. வாங்கிய நிறுவனம் எலெக்ட்ரிக் வெஹிக்கிள் கம்பெனி. மின்சார டாக்ஸி விடுகிற கம்பெனிக்குப் பெட்ரோல் வண்டியின் காப்புரிமை! தங்கள் தொழில் படுத்தாலும் அடுத்தவன் தொழிலில் வரி வசூலிக்கலாம் என்ற கணக்கு. தொழில் 1907இல் படுத்தது.

முதலில் அன்றைய பெரிய பெட்ரோல் வண்டித் தயாரிப்பாளரான வின்டன்மேல் 1900இல் வழக்குப் போட்டார்கள். வின்டன் 1903இல் சமாதானத்துக்கு வந்தார். அதே ஆண்டு உரிமம் பெற்ற மோட்டார் உற்பத்தியாளர் சங்கம் உருவானது. பேக்கார்டு, ஓல்ட்ஸ் போன்ற பெரிய தலைகள் அதில் சேர்ந்தன. வண்டியின் பட்டியல் விலையில் 1.25 சதவீதம் ராயல்டி. 800 டாலர் வண்டிக்கு 10 டாலர்: நான்கு டாலர் சங்கத்துக்கு, நான்கு டாலர் எலெக்ட்ரிக் வெஹிக்கிளுக்கு, இரண்டு டாலர் செல்டனுக்கு. தொகை பெரிதில்லை. யாருக்கு உரிமம் கொடுப்பது, யாருக்குக் கூடாது என்ற அதிகாரம்தான் உண்மையான சரக்கு. சங்கத்தில் சேரலாமா என்று விசாரித்த ஹென்றி ஃபோர்டுக்கு ஊக்கமான பதில் கிடைக்கவில்லை. பிறர் செய்த பாகங்களை வாங்கிப் பூட்டுகிறவர்தானே என்ற அலட்சியம். ஃபோர்டு மோட்டார் கம்பெனி 1903 ஜூனில் பதிவானது. அக்டோபரில் நியூயார்க்கில் வழக்கு வந்தது. ஃபோர்டோடு அவருடைய நியூயார்க் முகவர் சி. ஏ. டியூர் கம்பெனியும் பிரதிவாதி.

உரிமம் இல்லாத வண்டியை வாங்கினால் வாங்கியவர்மேலும் வழக்கு வரும் என்று சங்கம் பத்திரிகைகளில் மிரட்டியது. வழக்கு வந்தால் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று ஃபோர்டு பதில் விளம்பரம் போட்டார்.

நீதிமன்றம்

தடையுத்தரவு போன்ற பரிகாரம் கேட்கும் வழக்குகளுக்கு அன்று இருந்த சமநீதி (ஈக்விட்டி) நடைமுறையில் சாட்சிகள் நீதிபதியின் முன் வருவதில்லை. வக்கீல்கள் வெளியே உட்கார்ந்து வாக்குமூலம் எடுப்பார்கள். எது பொருத்தம், எது வீண் என்று தடுக்க யாரும் இருக்கமாட்டார்கள். எல்லாம் அச்சாகிக் கடைசியில் நீதிபதி தலையில் விழும். இந்த வழக்கில் ஆயிரக்கணக்கான பக்கங்கள் அப்படி விழுந்தன. மாவட்ட நீதிபதி சார்லஸ் மெரில் ஹஃப் தன் தீர்ப்பிலேயே இந்த முறையைக் கடுமையாகச் சாடினார். 1912இல் வந்த புதிய சமநீதி விதிகள் சாட்சிகளைத் திறந்த நீதிமன்றத்துக்குக் கொண்டுவந்தன.

வழக்கின் நடுவில்தான் செல்டன் வண்டி முதன்முதலாக உருவெடுத்தது. 'ஓடவே ஓடாத வண்டிக்குக் காப்புரிமையா?' என்ற கேள்விக்குப் பதிலாக ராச்செஸ்டரில் ஒன்றும் ஹார்ட்ஃபோர்டில் ஒன்றும் கட்டினார்கள். 1900களில் செய்த வண்டியின் பக்கத்தில் '1877' என்று எழுதியும் வைத்தார்கள். கிளப்புவதே பெரும்பாடு, கிளம்பினாலும் சிறிது தூரத்தில் நின்றது. ஃபோர்டு தரப்பும் விடவில்லை. செல்டனுக்கு முந்தைய லெனோயர் எஞ்சினை வைத்து ஒரு வண்டி கட்டி ஓட்டிக் காட்டியது. இரண்டு தரப்பும் நீதிமன்றத்துக்காகப் பழங்கால வண்டி தயாரித்துப் போட்டி போட்டதுபோல் வேறெந்தக் காப்புரிமை வழக்கிலும் நான் படித்ததில்லை.

1909 செப்டம்பர் 15 அன்று ஹஃப் செல்டன் பக்கம் தீர்ப்பளித்தார். தாமதம் அவருக்கும் உவப்பாக இல்லை. ஆனால் சட்டம் கொடுத்த அவகாசத்தைப் பயன்படுத்தியதற்காக ஒருவரைத் தண்டிக்க முடியாது. செல்டன் முன்னோடி, முன்னோடியின் கோரிக்கையை அகலமாகப் படிக்க வேண்டும், அழுத்த வகை என்ற சொல்லுக்குள் ஓட்டோவும் அடங்கும். இதுதான் அவருடைய தர்க்கம். தயங்கிக்கொண்டிருந்த பலர் அவசரமாகச் சங்கத்தில் சேர்ந்தார்கள். ஃபோர்டு மேல்முறையீட்டுக்குப் போனார்.

1911 ஜனவரி 9 அன்று இரண்டாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் தீர்ப்பை நீதிபதி வால்டர் நோயஸ் எழுதினார். காப்புரிமை செல்லும் என்றார். ஃபோர்டு அதை மீறவில்லை என்றும் சொன்னார். இரண்டும் ஒரே தீர்ப்பில்.

அவர் நூல் பிடித்துப் போன வழி இது. வண்டி, சக்கரம், கிளட்ச், கூடு இவற்றை ஓர் எஞ்சினோடு சேர்க்கலாம் என்ற எண்ணம் 1879இல் புதிதல்ல. அந்தச் சேர்க்கையை நடக்கக்கூடியதாக்கும் அளவுக்கு எஞ்சினை லேசாக்கியதுதான் செல்டனின் பங்களிப்பு. அப்படியானால் அவருடைய உரிமையின் எல்லையை அந்த எஞ்சினே தீர்மானிக்கிறது. அது மாற்றியமைத்த பிரேட்டன் எஞ்சின். பிரதிவாதிகளின் வண்டிகளில் இருப்பது ஓட்டோ. இரண்டும் வெவ்வேறு கொள்கையில் இயங்குவதால் ஒன்றுக்கொன்று சமானம் ஆகாது. செல்டன் தேர்வு செய்தார், தவறான எஞ்சினைத் தேர்ந்தார். பிரதிவாதிகளின் செலவில் நீதிமன்றம் அவருக்காக வேறொன்றைத் தேர்ந்து கொடுக்க முடியாது. சட்டப்படியோ தார்மீகமாகவோ அவர்கள் அவருக்கு எதுவும் கடன்படவில்லை.

செல்டன் மாட்டிக்கொண்ட இடம் இதுதான். 16 ஆண்டும் அவர் கோரிக்கையின் சொற்களைத் திருத்த முடிந்தது. அவர் கண்முன்னே ஓட்டோ வகை ஜெயித்துக்கொண்டிருந்தது. சொற்கள் அதையும் வளைத்துப் பிடிக்கும்படி அகன்றன. ஆனால் விவரக்குறிப்பில் புதிதாக ஓர் எஞ்சினை நுழைத்தால் அதற்கு 1879 தேதி கிடைக்காது. தேதியைக் காப்பாற்ற வேண்டுமானால் பிரேட்டனைக் காப்பாற்றியாக வேண்டும். உள்ளே 1879இன் எஞ்சினும் வெளியே 1895இன் சொற்களுமாக நின்ற ஆவணத்தை நோயஸ் உள்ளேயிருந்து படித்தார்.

என் மதிப்பீட்டில் ஹஃபின் தீர்ப்பு அபத்தமல்ல. முன்னோடிக்கு அகலமான பொருள் தருவது அன்றைய நீதிமன்றங்களின் வழக்கம். அவர் தவறியது செல்டனை முன்னோடி என்று ஏற்றதில்தான். கட்டாத வண்டியின் முன்னோடியாக இருப்பது கடினம்.

பிறகு

காப்புரிமைக்கு இன்னும் ஒன்றே முக்கால் ஆண்டு ஆயுள் இருந்தது. சங்கம் உச்ச நீதிமன்றத்துக்குப் போகவில்லை, விரைவில் கலைந்தது. அது விட்டுச்சென்றதில் உருப்படியானவையும் உண்டு. பாகங்களின் அளவுகளைத் தரப்படுத்தும் வேலையை அதன் தொழில்நுட்பப் பிரிவு தொடங்கியது. 1910இல் அது வாகனப் பொறியாளர் சங்கத்தின் கைக்குப் போனது. சிலிண்டர் விட்டத்தை அங்குலத்தில் வர்க்கமாக்கி, சிலிண்டர் எண்ணிக்கையால் பெருக்கி, 2.5ஆல் வகுக்கும் குதிரைத்திறன் சூத்திரமும் உரிமம் பெற்றோர் சங்கத்தின் பெயரில்தான் வழங்கியது. 1915இல் அமெரிக்க மோட்டார் உற்பத்தியாளர்கள் தங்கள் காப்புரிமைகளை ஒருவருக்கொருவர் பயன்படுத்திக்கொள்ளும் ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். செல்டன் 1922 ஜனவரியில் இறந்தார்.

தாமதத்தைச் சட்டம் நேரடியாகத் தண்டிக்கச் சற்றுக் காலம் பிடித்தது. 1923இல் உட்பிரிட்ஜ் வழக்கில், வேண்டுமென்றே கிடப்பில் போட்ட விண்ணப்பத்துக்கு உரிமை பறிபோகும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனாலும் 17 ஆண்டு வழங்கிய நாளிலிருந்தே எண்ணப்பட்டு வந்தது. 1995 ஜூன் 8 முதல்தான் அமெரிக்கா விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு என்ற கணக்குக்கு மாறியது. இந்தியாவிலும் இன்று அதே 20 ஆண்டு. முதல் ஆய்வறிக்கைக்குப் பதில் சொல்ல ஆறு மாதம், கேட்டால் நீட்டிப்பும் உண்டு. மாற்றத்துக்கு முந்தைய அமெரிக்க விண்ணப்பங்கள் மட்டும் வெகுகாலம் தொல்லை கொடுத்தன. அமெரிக்கக் கண்டுபிடிப்பாளர் ஜெரோம் லெமெல்சன் 1954லும் 1956லும் கொடுத்த விண்ணப்பங்களின் வழிவந்த காப்புரிமைகளை வைத்துப் பார்கோடு வாசிப்புக் கருவிகள்மேல் உரிமை கோரப்பட்டது. நியாயமற்ற தாமதம் என்று சொல்லி நீதிமன்றம் அவற்றைச் செல்லாக்காசாக்கியது 2004இல். மறு ஆண்டு மேல்முறையீட்டிலும் அதுவே நிலைத்தது.